வாடகைக்கு விட்ட வீட்டின் பாதுகாப்பு: வீட்டு ஓனர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்த வீட்டின் மாடிப் போர்ஷனையோ, வாங்கிப் போட்ட ஒரு ஃப்ளாட்டையோ வாடகைக்கு விடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு வாட்ச்மேன், மேனேஜர் என்று ஆள் இருப்பார்கள். ஒன்றிரண்டு வீடு வைத்திருப்பவர்கள்தான் பூட்டிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் வரை எல்லாவற்றையும் தாங்களே பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டம் பற்றிப் பேசும் இடங்களில் தமிழ்நாட்டு நிலவரத்தைச் சொல்கிறேன். "வாடகைச் சட்டம்" என்று இங்கே சொல்வது, 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டத்தை.

பழைய குடித்தனக்காரர் சாவி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். புதியவர் வரும்போது பூட்டை மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றுங்கள். நீங்கள் கொடுத்த சாவிகள்தான் திரும்பி வந்திருக்கின்றன. அவர்கள் குடியிருந்த காலத்தில் வீட்டு வேலைக்கு வந்த அக்காவுக்கு ஒன்று, ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கிய மச்சானுக்கு ஒன்று என்று எத்தனை டூப்ளிகேட் போட்டார்கள் என்பது அவர்களுக்கே நினைவிருக்காது. தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் சாதாரணச் சாவியைச் சில நிமிடத்தில் அறுத்துக் கொடுத்துவிடுவார், யாருடைய வீடு என்று கேட்க மாட்டார்.

இதில் யாரையும் திருடன் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் பூட்டு உடையாமல் வீட்டுக்குள் நகை காணாமல் போனால், போலீஸ் முதலில் கேட்பது "வேறு யாரிடம் சாவி இருக்கிறது?" என்பதைத்தான். அந்தக் கேள்வி முதலில் உங்களை நோக்கி வரும், அப்புறம் பழைய குடித்தனக்காரரை நோக்கிப் போகும். பூட்டை மாற்றிவிட்டால் இருவருக்குமே நிம்மதி.

செலவு பயப்படும்படி இருக்காது. இப்போதைய கதவுகளில் பெரும்பாலும் கதவுக்குள்ளேயே பதிந்திருக்கும், சிலிண்டர் (சாவி போகும் உருளை) வைத்த மார்ட்டிஸ் பூட்டுதான் இருக்கிறது. முழுப் பூட்டையும் கழற்ற வேண்டாம். கதவின் பக்கவாட்டு விளிம்பில், தாழ் வெளியே வரும் தகட்டில், சாவி ஓட்டைக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டுச் சற்றே திருப்பி இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். அதன் நீளத்தை அளந்து (60, 70 மில்லிமீட்டர் அளவுகள் சாதாரணமாகக் கிடைக்கும்) அதே அளவில் புதிது வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. பழைய சிலிண்டரைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டு மூன்று வீடு வைத்திருப்பவர்கள் அதைச் சில வருடம் கழித்து இன்னொரு வீட்டில் மாட்டலாம். கதவைச் சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் வகை என்றால் முழுப் பூட்டையும் மாற்றுவதுதான் எளிது. டிஜிட்டல் லாக் வைத்திருந்தால் பழைய எண்கள், கைரேகைகள், கார்டுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதியவர் முன்னிலையிலேயே புது எண் போட வையுங்கள். அந்த எண் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்தச் செலவு யாருடையது?

வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வீட்டுப் பராமரிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. சுவர், கூரை போன்ற கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம். கதவு, அலமாரி, ஜன்னல்களின் கைப்பிடியையும் பூட்டையும் மாற்றுவது, உடைந்த ஜன்னல் கண்ணாடி, கொசு வலை எல்லாம் வாடகைதாரர் பக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும்.

ஆக, குடியிருக்கும்போது பூட்டு பழுதானால் அவர்கள் மாற்ற வேண்டும். ஆனால் ஒருவர் போய் இன்னொருவர் வரும் இடைவெளியில் மெயின் கதவின் பூட்டை ஓனர் மாற்றுவதுதான் முறை என்பது என் கருத்து. "புதுப் பூட்டு போட்டுத்தான் சாவி தருகிறேன்" என்று சொல்கிற ஓனரின் வீட்டைக் குடித்தனக்காரர் பார்க்கும் விதமே வேறு. இன்னொன்று, குடித்தனக்காரர் தன் செலவில் கூடுதலாக ஒரு பூட்டு போட அனுமதி கேட்டால் மறுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும்.

எந்தப் பூட்டு வாங்கலாம்? திண்டுக்கல் பூட்டு இப்போதும் தாங்குமா?

நல்ல திண்டுக்கல் பூட்டு தாராளமாகத் தாங்கும். கையால் செய்கிற அந்தத் தொழிலுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே செய்யும் மாங்காய்ப் பூட்டு எடையிலேயே நம்பிக்கை தரும். கம்பெனிப் பூட்டு என்றால் ஏழு லீவர், எட்டு லீவர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். லீவர் என்பது பூட்டுக்குள் சாவி நகர்த்தும் தகடு, அது கூடக் கூடக் கள்ளச்சாவிக்குப் பூட்டு மசியாது.

ஆனால் நம் ஊர்த் திருட்டில் கள்ளச்சாவி குறைவு, கடப்பாரைதான் அதிகம். பூட்டு அப்படியே இருக்கும், கொண்டி பெயர்ந்து தொங்கும். எட்டு லீவர் பூட்டை வாங்கி, அரை இஞ்ச் ஸ்க்ரூவில் நிற்கும் கொண்டியில் மாட்டினால் பூட்டுக்குக் கொடுத்த பணம் வீண். ஆசாரியைக் கூப்பிட்டு மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது, வெளித்தாழ்ப்பாளையும் கொண்டியையும் ஸ்க்ரூவுக்குப் பதிலாகக் கதவின் உட்பக்கம் நட்டு வைத்து முடுக்கும் போல்ட்டால் பிடிக்க வேண்டும். இரண்டாவது, தாழ் போய் விழும் நிலையின் ஓட்டைக்கு உலோகத் தகடு அடித்து, அதை நிலைக்குள் ஆழமாகப் போகும் நீள ஸ்க்ரூவால் பிடிக்க வேண்டும். மூன்றாவது, கீல். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் கீலின் ஆணி வெளியே தெரியும், அதைத் தட்டிக் கழற்றினால் பூட்டே தேவைப்படாது. ஆணியைக் கழற்ற முடியாத கீலாக மாற்றுங்கள்.

மெயின் கதவில் தொங்குபூட்டு போடுவதில் இன்னொரு சங்கடம், வீட்டில் ஆள் இல்லை என்று அது தெருவுக்கே சொல்லும். உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் பூட்டும் பூட்டாக மாற்றிவிட்டால் அந்த அறிவிப்பு இருக்காது. கிரில் கேட் இருந்தால் அதன் பூட்டை உட்பக்கமாகத் தொங்கும்படி போடச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு ஒரு சாவி என்னிடம் இருக்கலாமா?

இருக்கலாம், குடித்தனக்காரருக்குத் தெரிந்து, ஒப்பந்தத்தில் எழுதி இருக்கலாம். தெரியாமல் வைத்திருப்பது கூடாது.

வாடகைக்கு விட்ட பிறகு அந்த வீடு உங்கள் சொத்துதான், ஆனால் அவர்கள் இல்லம். பழுது பார்க்கவோ, வீட்டின் நிலையைப் பார்க்கவோ, ஒப்பந்தத்தில் சொன்ன வேறு நியாயமான காரணத்துக்கோ உள்ளே போக வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது வாடகைச் சட்டம். ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதையே வாட்ஸ்ஆப்பிலும் அனுப்புங்கள். அவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் "டேங்க் குழாய் பார்க்க வந்தேன்" என்று திறந்து போனால் அத்துமீறி நுழைந்ததாகவே அவர்கள் புகார் தரலாம். அப்படி நீங்கள் போன அன்றைக்கே ஏதாவது காணாமல் போனால் உங்களால் என்ன பதில் சொல்ல முடியும்?

எனக்குப் பிடித்த வழி இதுதான். மாற்றுச் சாவியைக் குடித்தனக்காரரே ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். தீ, தண்ணீர்க் கசிவு, உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கிறார் என்கிற மாதிரி நிலைமையில் அவர்களுக்கு போன் செய்து, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைச் சாட்சியாக நிறுத்திக் கவரைப் பிரியுங்கள். காலி செய்யும் நாளில் கவர் பிரிக்காமல் திரும்பிப் போனால், அது உங்கள் மேல் அவர்களுக்கு வரும் மரியாதை. சாவியே தரமாட்டேன் என்கிறார்களா? விட்டுவிடுங்கள். தனியாக இருக்கும் பெண்கள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கும். தண்ணீர் மெயின் வால்வும் கரன்ட் மெயினும் வீட்டுக்கு வெளியே இருந்தால் அவசரத்தில் பாதிப் பிரச்சினை அங்கேயே அடங்கிவிடும்.

குடித்தனக்காரர் விவரத்தைப் போலீஸில் கொடுத்தே ஆக வேண்டுமா?

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில், வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐந்து பேர் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்தபோது போலீஸ் என்கவுன்டரில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் சென்னையில் வீட்டு ஓனர்கள் குடியிருப்பவர்களின் விவரத்தை அந்தந்த ஸ்டேஷனில் தர வேண்டும் என்று கமிஷனர் உத்தரவு போட்டார். இப்படிப்பட்ட உத்தரவுகள் அன்றைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 144-வது பிரிவின் கீழ் வந்தன. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) என்ற புதுச் சட்டத்தின் 163-வது பிரிவு இருக்கிறது. அதிகாரியின் உத்தரவை மீறினால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 223-வது பிரிவில் வழக்கு வரலாம்.

இப்படிப்பட்ட உத்தரவு ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும். உங்கள் ஸ்டேஷனில் கேட்டுவிடுங்கள். உத்தரவு இருக்கிறதோ இல்லையோ, கொடுத்து வைப்பது நல்லது. குடியிருப்பவர் பெயர், போட்டோ, நிரந்தர முகவரி, வேலை செய்யும் இடம், கூட இருப்பவர்கள் விவரம் போதும். கொடுத்ததற்கு அடையாளமாக ஒரு பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தத் தாள்தான். இது வெறும் தகவல் தருவது. ஒருவர் மேல் வழக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் சேவை வேறு. அதற்குத் தமிழ்நாடு போலீஸின் இணையதளத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

இதோடு வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும் முடியுங்கள். "பதினோரு மாத அக்ரிமென்ட்தானே, பதிவு எதற்கு" என்ற பழைய பழக்கம் இப்போது செல்லாது. எழுத்து ஒப்பந்தமும் பதிவும் வாடகைச் சட்டத்தில் கட்டாயம், இணையத்திலேயே செய்யலாம்.

ஆதார் ஜெராக்ஸ் வாங்கினால் போதுமா?

ஜெராக்ஸில் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். அட்டையில் இருக்கும் கியூஆர் கோடை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்து பாருங்கள். பெயரும் போட்டோவும் அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எண் முழுவதும் தெரியாமல் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுத்தால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள், அதுவும் அரசு கொடுப்பதுதான். வாங்கிய பிரதிகளை புரோக்கர் வாட்ஸ்ஆப் குரூப்பில் சுற்ற விடாதீர்கள். அவர்கள் அடையாளம் உங்கள் கையில் இருக்கும்வரை அதைக் காப்பது உங்கள் பொறுப்பு.

ஆதாரைவிட எனக்கு நம்பிக்கை தருவது இரண்டு போன் அழைப்புகள். ஒன்று வேலை செய்யும் இடத்துக்கு, இன்னொன்று முந்தைய வீட்டு ஓனருக்கு. முந்தைய ஓனரிடம் "ஆள் எப்படி?" என்று மட்டும் கேட்டால் "நல்லவர்தான்" என்பார். "எத்தனை பேர் இருந்தார்கள், மாதம் எத்தனாம் தேதி வாடகை வந்தது, மறுபடியும் அவருக்கே வீடு கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள்.

பேச்சிலர்களுக்குக் கொடுத்தால் பாதுகாப்பில்லை என்கிறார்களே?

நான் அப்படி நினைக்கவில்லை. வேலையும் முன் ஓனரும் சரியாக இருக்கும் நான்கு இளைஞர்கள், விசாரிக்காமல் குடிவைத்த ஒரு குடும்பத்தைவிடப் பாதுகாப்பு. பேச்சிலர்கள் வீட்டில் உண்மையான சிக்கல் ஒன்றுதான். ஆள் மாறிக்கொண்டே இருக்கும், சாவி கைமாறும். யார் யார் தங்குகிறார்கள் என்ற பட்டியல் ஒப்பந்தத்தோடு இருக்கட்டும், ஒருவர் மாறினால் பட்டியலும் மாறட்டும். சாதி, மதம், சாப்பாடு பார்த்து ஆளை ஒதுக்குவதைப் பாதுகாப்பு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது வீட்டைக் காப்பதில்லை, நல்ல மனிதர்களைத் தெருவில் அலைய விடுகிறது.

டூ-லெட் விளம்பரம் போட்டதும் "ராணுவ அதிகாரி" ஒருவர் போன் செய்து அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்கிறார். நம்பலாமா?

வேண்டாம், போனை வைத்துவிடுங்கள். பல வருடமாக நடக்கும் மோசடி இது. ராணுவம் அல்லது துணை ராணுவத்தில் இருப்பதாகவும், உங்கள் ஊருக்கு மாற்றல் ஆகியிருப்பதாகவும் சொல்வார்கள். அடையாள அட்டைப் படம் அனுப்புவார்கள். வீட்டைப் பார்க்காமலே பிடித்துவிட்டது என்பார்கள். அப்புறம் "எங்கள் அக்கவுன்ட்டில் இப்படித்தான் நடைமுறை" என்று ஒரு கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய பின் நம்பரைப் போட்ட அடுத்த நொடி உங்கள் பணம் போய்விடும். யுபிஐயில் பின் நம்பர் போடுவது பணம் கொடுக்க மட்டும்தான், பணம் வாங்க அந்த நம்பர் தேவையே இல்லை. வீட்டில் வயதானவர்கள் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் இந்த ஒரு விஷயத்தை உட்கார வைத்துச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். வீட்டை ஒரு ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார். எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பூட்டு, கேமரா பற்றித்தான் யோசிக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, உங்கள் வீட்டை யார் பெயரில் யார் அனுபவிக்கிறார்கள் என்பது.

சென்னை போன்ற நகரங்களில் நடக்கும் மோசடி இப்படி: வீட்டைப் பராமரிக்கிறோம் என்று ஒரு நிறுவனமோ தனி ஆளோ உங்களிடம் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். மாதாமாதம் வாடகை ஒழுங்காக வரும். அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்குச் சில லட்சம் வாங்கிக்கொண்டு லீசுக்கு விட்டிருப்பார்கள். ஒரு நாள் வாடகை நிற்கும், ஏஜென்ட் போன் அணைந்திருக்கும். வீட்டில் இருப்பவர் "நான் எட்டு லட்சம் கொடுத்திருக்கிறேன், பணம் வந்தால்தான் போவேன்" என்பார். அவரும் ஏமாந்தவர்தான். இரண்டு குடும்பம் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

தடுப்பதற்கு வழி இருக்கிறது. ஒப்பந்தம் நேராக உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் இருக்க வேண்டும். வாடகையும் அட்வான்ஸும் உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும், ஏஜென்ட்டுக்குக் கமிஷனைத் தனியாகக் கொடுங்கள். உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் உள்வாடகைக்கு விடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, இருந்தாலும் ஒப்பந்தத்திலும் எழுதுங்கள். பவர் கொடுக்க வேண்டியிருந்தால் வாடகைக்கு விடவும் பராமரிக்கவும் மட்டும் என்று குறுக்கிக் கொடுங்கள். விற்கும், அடகு வைக்கும் அதிகாரம் அந்தப் பத்திரத்தில் நுழையக் கூடாது. குடித்தனக்காரரோடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடியோ காலில் பேசுங்கள், விசாரணை மாதிரி வேண்டாம், "தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டாலே போதும். உங்கள் முகம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்திரப் பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் சொத்துக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் அறியாத ஒரு பத்திரம் அதில் இருந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். அசல் பத்திரத்தை வாடகை வீட்டின் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள், இதையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சிசிடிவி எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது?

கேட், கார் நிறுத்துமிடம், மாடிப்படித் தொடக்கம், மோட்டார் அறைப் பக்கம், மொட்டை மாடிக் கதவு. இவை பொது இடங்கள், வைக்கலாம். குடித்தனக்காரரின் வீட்டுக்குள், அவர்கள் மட்டும் பயன்படுத்தும் பால்கனியில், அவர்கள் ஜன்னலைப் பார்த்தபடி, துணி காயப்போடும் இடத்தைப் பார்த்தபடி வைக்கவே கூடாது. அவர்கள் மெயின் கதவு திறந்தால் ஹால் தெரிகிற கோணத்தையும் தவிருங்கள். பெண்ணின் அந்தரங்கத்தை அவர் அறியாமல் படம் பிடிப்பது பி.என்.எஸ். 77-வது பிரிவில் குற்றம். முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு தனியாக இருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்தேன் என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

எங்கெங்கே கேமரா இருக்கிறது, காட்சியை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் இருக்கும் என்று குடிவரும் முன்பே சொல்லிவிடுங்கள். கீழ் வீட்டில் இருக்கும் ஓனர், மேல் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று மொபைலில் பார்த்துக்கொண்டிருப்பது பாதுகாப்பில் சேராது. அப்படிப் பார்க்கிற ஓனரிடம், உண்மையிலேயே சந்தேகத்துக்குரிய ஒருவர் வாசலில் சுற்றும்போது அவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள்.

பொருத்துவதில் சில குறிப்புகள். கேமராவை மிக உயரத்தில் வைத்தால் தலை உச்சிதான் பதிவாகும். கேட் பக்கம் எட்டு, ஒன்பது அடி உயரம் முகம் பிடிக்கச் சரியாக இருக்கும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் நான்கு கேமராவின் காட்சி ஏறக்குறைய பத்து, பதினைந்து நாள் நிற்கும். ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்க்கும்போது பழைய காட்சி அழிந்திருக்கக் கூடாது என்றால் 2 டிபி போடுங்கள். காட்சி பதிவாகும் டிவிஆர் பெட்டியை வாசல் பக்கம் வைக்காதீர்கள், திருட வருகிறவன் அதையும் எடுத்துக்கொண்டு போகிறான். கரன்ட் போனாலும் ஓட ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும். பொருத்த வந்தவர் போட்ட பாஸ்வேர்டை அவர் போனதும் மாற்றுங்கள். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். பெயர் தெரியாத மலிவுக் கேமராவை விட்டு, சான்றுள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

கதவைத் தவிர வேறு எந்த வழியாக வருகிறார்கள்?

பின் கதவு, பாத்ரூம் வென்டிலேட்டர், மொட்டை மாடி. முன் கதவைத் தேக்கில் போட்டுவிட்டுப் பின் கதவை மெல்லிய தகரத்தில் விடுவது நம்மிடம் உள்ள பெரிய பழக்கம். மாடிப்படிக் கூண்டின் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா பாருங்கள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இறங்குவது நெருக்கமான தெருக்களில் மிகச் சுலபம். பாத்ரூம் வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளைக் கையால் உருவிவிடலாம், அதற்கு வெளியே கம்பி போடுங்கள். மாடிப்படியிலும் பக்கச் சந்திலும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரியும் சென்சார் பல்பு போட்டால் அது கேமராவுக்கு நிகரான காவல், செலவும் சில நூறு ரூபாய்தான்.

கிரில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லா ஜன்னலுக்கும், பால்கனிக்கும் அசையாத கம்பி போட்டுக் கூண்டாக்கிவிட்டால், வாசல் பக்கம் தீப்பிடிக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு வெளியேற வழி இருக்காது. படுக்கையறை ஜன்னல் ஒன்றிலாவது திறக்கக்கூடிய கிரில் வைத்து, உள்பக்கப் பூட்டும் சாவியும் எங்கே இருக்கின்றன என்று குடித்தனக்காரர் குடும்பம் முழுவதற்கும் காட்டுங்கள். இது ஓனர்தான் செய்ய வேண்டிய வேலை, குடித்தனக்காரரால் கிரில்லை வெட்ட முடியாது.

ஆடி மாதம், யாரும் குடிவர மாட்டார்கள். காலி வீட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஆடியிலும் மார்கழியிலும் காலியாகும் வீடு ஒரு மாதம் சும்மா கிடக்கும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். காலி வீட்டில் நகை இருக்காது, ஆனால் பித்தளைக் குழாய், மோட்டார், மோட்டார் கேபிள், இன்வெர்ட்டர் பேட்டரி, ஒயரில் இருக்கும் செம்பு எல்லாம் காசு. குழாயைப் பிடுங்கிப் போனால் மாடி டேங்க் முழுக்க வீட்டுக்குள் ஓடி, கீழ் வீட்டுச் சீலிங்கும் கெடும். அதனால் முதலில் தண்ணீர் மெயின் வால்வை மூடுங்கள். பேட்டரியைக் கழற்றி உங்களிடம் வையுங்கள்.

டூ-லெட் போர்டைக் காலி வீட்டின் கேட்டிலேயே தொங்கவிடாமல், முடிந்தால் நீங்கள் இருக்கும் வீட்டு வாசலில் மாட்டுங்கள். வாசலில் விழும் நோட்டீஸ்களை எடுக்கவும், இரண்டு நாளுக்கு ஒருமுறை வாசல் தெளித்துக் கோலம் போடவும் பக்கத்தில் யாரிடமாவது சொல்லி, அதற்கு ஒரு தொகை கொடுங்கள். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு புரோக்கர் கையில் சாவியைக் கொடுத்து அனுப்பாதீர்கள், கூட ஒருவர் போக வேண்டும். நீண்ட நாள் பூட்டியிருக்கும் என்றால் ஸ்டேஷனில் சொல்லிவையுங்கள், ரோந்து வரும்போது பார்ப்பார்கள்.

குடித்தனக்காரர் வீட்டில் திருட்டு நடந்தால் நான் ஈடு கொடுக்க வேண்டுமா? இன்சூரன்ஸ் தருமா?

அவர்கள் பொருளுக்கு நீங்கள் காவல் ஏற்றுக்கொள்ளாதவரை, வெளியாள் செய்த திருட்டுக்கு நீங்கள் ஈடு கட்ட வேண்டியதில்லை. பின் கதவுத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்று அவர்கள் எழுதிச் சொல்லியும் நீங்கள் மாதக்கணக்கில் கண்டுகொள்ளவில்லை என்றால் பேச்சு வேறு. அப்படி ஒரு செய்தி வந்தால் அன்றைக்கே ஆசாரியை அனுப்புங்கள்.

இன்சூரன்ஸில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொது இன்சூரன்ஸ் நிறுவனங்களும் தரும் "பாரத் கிருஹ ரக்ஷா" பாலிசி தீ, வெள்ளம், புயல், கலவரம் போன்றவற்றுக்கானது. அப்படி ஒரு சம்பவம் நடந்து, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான் அதில் பணம் கிடைக்கும். சாதாரணமாகப் பூட்டை உடைத்துத் திருடினால் கிடைக்காது. அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு சேர்க்க வேண்டும். உங்கள் பாலிசி உங்கள் கட்டடத்துக்கும் நீங்கள் போட்டிருக்கும் ஏசி, மாடுலர் கிச்சனுக்கும்தான். குடித்தனக்காரர் தன் டிவி, ஃப்ரிட்ஜுக்குத் தானே பாலிசி எடுக்கலாம் என்று குடிவரும்போதே சொல்லுங்கள்.

திருட்டு நடந்துவிட்டால் எதையும் தொடாமல், பெருக்காமல், 100-க்கோ 112-க்கோ அழைக்கச் சொல்லுங்கள். கைரேகை எடுக்க வேண்டும். உடைந்த கதவை உடனே சரிசெய்ய உங்களுக்கு ஆசை இருக்கும், போலீஸ் பார்த்து முடிக்கும்வரை பொறுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

வாடகை தராதவர் வீட்டுக்கு என் பூட்டைப் போடலாமா? தண்ணீரை நிறுத்தலாமா?

கூடாது. தண்ணீர், கரன்ட் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. வாடகை நீதிமன்றத்தில் மனு போடுவதுதான் வழி. பதிவான ஒப்பந்தமும் வங்கிக் கணக்கு விவரமும் இருந்தால் அங்கே உங்கள் பக்கம் வலுவாக நிற்கும்.

வீட்டைப் பெண்கள் விடுதியாக நடத்த விடலாமா?

2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு உரிமம் வேண்டும். நடத்துகிறவர் வேறு, கட்டடம் மட்டும்தான் என்னுடையது என்று ஒதுங்காதீர்கள், உரிமத்தின் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். அதே மாதிரி வெளிநாட்டவர் ஒருவரைத் தங்க வைத்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். "சி படிவம்" என்று பேச்சில் சொல்வது இதைத்தான். மாணவர், உறவினரின் நண்பர் என்று விதிவிலக்கு எதுவும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காலி செய்யும் நாளில் பாதுகாப்புக்காக என்ன செய்ய வேண்டும்?

சாவிகளை எண்ணி வாங்கி, எத்தனை வந்தன என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கேட், மொட்டை மாடி, மீட்டர் பெட்டி, லெட்டர் பாக்ஸ் சாவிகளும் அதில் சேரும். அபார்ட்மென்ட் என்றால் வாட்ச்மேனிடமும் அசோசியேஷனிலும் தேதியோடு சொல்லி, கேட் செயலியில் அவர்கள் பெயரை நீக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கேமரா பார்க்கும் அனுமதி கொடுத்திருந்தால் அதையும் எடுங்கள். ஸ்டேஷனில் விவரம் கொடுத்திருந்தால், காலி செய்த தேதியை எழுதி இன்னொரு தாள் கொடுங்கள். வீட்டின் ஒவ்வொரு அறையையும் அவர்களோடு நடந்தபடி போனில் வீடியோ எடுங்கள். கழிக்க வேண்டியதைக் கணக்கோடு கழித்து, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அன்றைக்கே கொடுக்க முடிந்தால் அன்றைக்கே கொடுங்கள். கேஸ் இணைப்பின் ரெகுலேட்டரை மூடினார்களா, மோட்டார் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அவர்கள் வண்டி கிளம்பியதும் கதவுப் பூட்டின் சிலிண்டரை மாற்றிவிடலாம்.